கணக்கில் பிறந்தது கானமாகாதா?

நம்முடைய சங்கீத உலகத்தில் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. முன்கூட்டி வகுத்த திட்டத்தின்படி, ஓர் ஒழுங்குக்கு உட்பட்டு இயற்றப்பட்ட இசை புத்திக்கு வேலை கொடுக்குமேயன்றி ஹிருதயத்தை உருக்காது என்பதே அந்த அபிப்பிராயம். அதை முன்னிட்டே, 72 மேளகர்த்தா ராகங்களிலும் முருகப்பெருமான் மீது தமிழில் கீர்த்தனங்கள் செய்த கோடீஸ்வரையரின் பெயரை மரியாதையுடன் உச்சரித்துவிட்டு, அவருடைய ‘கந்த கானாமுத’த்தின் பெரும்பகுதியைக் கச்சேரி மேடைக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம், விவாதி மேளங்களுக்குத் தோஷம் உண்டென்று சொல்லிப் பிள்ளைகளின் பாடத்திலிருந்தே அவற்றை விலக்கியிருக்கிறோம். மேல்நாட்டுச் சங்கீதத்தைச் சிறிது கேட்டறிந்தவர்களோ இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆஸ்திரிய நாட்டு ஆர்னால்ட் ஷோன்பெர்க் 12 ஸ்வரங்களையும் எண்ணி வரிசைப்படுத்தப் புகுந்து சங்கீதத்தையே கொன்றுவிட்டார் என்றும், கணக்கை நம்பிய வாக்கேயக்காரர் எந்தத் தேசத்தவராயினும் அவருக்கு அந்தக் கதிதான் என்றும் உதாரணம் காட்டுகிறார்கள்.

இவ்விரண்டு தீர்ப்புகளும் ஒரே பிழையின் இரண்டு கிளைகள் என்பது என் துணிபு. அந்தப் பிழையை மறுப்பதற்கு நான் தூரதேசத்துப் பிரமாணங்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. ஆரணியாற்றங்கரையில், ஒரு வீதியில் தமிழும் மறு வீதியில் தெலுங்கும் வழங்கும் ஊத்துக்கோட்டையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். இந்தத் திருவள்ளூர்ச் சீமையே எனக்குப் போதிய சாட்சியம் தருகிறது.

முத்துசுவாமி தீக்ஷிதரின் இளமைப் பிராயத்தில் அவருடைய குடும்பத்தை ஆதரித்துப் போற்றியவர்கள் மணலி முதலியார்கள். அவர்களுடைய ஆதரவினாலேதான் தீக்ஷிதர் சகோதரர்கள் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் கோஷ்டியைக் கேட்டார்கள். இளையவரான பாலுசுவாமி தீக்ஷிதர் மேல்நாட்டுப் பிடிலைக் கற்று நம்முடைய இசைக்கு அதைப் பழக்கினார். மூத்தவர் அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாஹித்யம் அமைத்து நோட்டு ஸ்வரங்களாக விட்டுச் சென்றார். பிற்பாடு காசிவாசம் முடித்துத் திரும்பிய தீக்ஷிதர், திருத்தணிகை முருகன் சந்நிதியில் குருகுஹ முத்திரையுடன் பாடத் தொடங்கியபோது, எதைத் துணையாகக் கொண்டார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வியாகரணத்தின் எட்டு விபக்திகளைத் துணையாகக் கொண்டார். முதல் வேற்றுமையில் ஒரு கிருதி, இரண்டாம் வேற்றுமையில் ஒரு கிருதி என்று வரிசைக்கிரமமாக அமைந்த தணிகைக் கிருதிகள், கருவிலேயே திட்டத்தோடு பிறந்தவை. பின்னர்க் கமலாம்பாள் மீது பாடிய நவாவரணமும் நவக்கிரகக் கிருதிகளும் அப்படியே. இலக்கணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பாடியதால் அவருக்கு அநுபூதி குறைந்தது என்று சொல்லத் துணிகிறவர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை. தீக்ஷிதருக்கு அருளாக நின்ற ஒழுங்கு, ஒரு நூற்றாண்டு கழித்துக் கோடீஸ்வரையருக்கு மாத்திரம் எப்படி ஊனமாயிற்று?

சங்கீதத்தை விட்டுத் தமிழின் பக்கம் திரும்பினாலும் இந்த வாதம் நிற்பதில்லை. அபிராமி அந்தாதியைப் பாராயணம் செய்து கண்ணீர் பெருக்குகிறவர்கள் இந்நாட்டில் ஆயிரமாயிரம். அந்நூல் கட்டளைக் கலித்துறையில் அமைந்தது. நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து என்று ஒற்று நீக்கி எண்ணி வைத்த யாப்பு அது. அதன் மேல் ஒரு செய்யுளின் முடிவே அடுத்த செய்யுளின் தொடக்கமாக வேண்டும் என்ற அந்தாதித் தளை. அந்தத் தளையோடு 100 பாட்டு. இத்தனை எண்ணிக்கைக்குள்ளும் அபிராமி பட்டரின் பக்தி அடைபட்டுப் போகவில்லை. அந்த நெருக்கத்தினாலேயே அது பொங்கி எழுந்தது என்று சொல்வதுதான் பொருந்தும். அதற்கும் முன்னால், ஏழாம் நூற்றாண்டில், திருஞானசம்பந்தர் சீகாழிப் பதிகமொன்றை மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் எழுத்து மாறாத பாடல்கள் அவை. ஏழுகூற்றிருக்கையில் எண்ணையே ஏற்றியும் இறக்கியும் இறைவனைத் துதித்தவரும் அவரே. தமிழ்நாட்டின் பக்தி, எண்ணையும் எழுத்தையும் அந்நியமாக நினைத்ததே இல்லை. அவ்வாறிருக்க, கணக்குக்கும் ரஸத்துக்கும் ஜன்மப்பகை என்ற கொள்கையை எங்கிருந்து இரவல் வாங்கினோமோ, அறியேன்.

இனி விவாதி விஷயத்துக்கு வருகிறேன். எதிர்க்கட்சியாரின் முழுப் பலமும் அங்கேதான் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் ஆதரவில் ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ இயற்றிய வேங்கடமகி, ரிஷப காந்தாரங்கள் சேரும் வகை 6, தைவத நிஷாதங்கள் சேரும் வகை 6, மத்தியமம் 2 என்று பெருக்கி 72 மேளங்களை நிறுவினார். அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை என்று அவரே எடுத்துக்கொண்டவை 19 மேளங்களே. மற்றவை பிற்காலத்துக்காக அவர் திறந்து வைத்த வாயில்கள். சுத்த ரிஷபத்துக்கு மேலே சுத்த காந்தாரமோ, அந்தர காந்தாரத்துக்குக் கீழே ஷட்சுருதி ரிஷபமோ அடுத்தடுத்து நிற்கும்போது, இடைவெளி குறுகி ஒன்றையொன்று உராய்வதுபோல ஒலிக்கும். தைவத நிஷாதங்களுக்கும் இதுவே நியாயம். விவாதி எனப்படும் இந்தச் சேர்க்கைகளை விலக்கினால் 6 என்பது இரு பக்கமும் 4 ஆகும். 4, 4, 2 என்று பெருக்கினால் மிஞ்சுவன 32. ஆக, தோஷம் என்ற ஒரே சொல்லினால் நாம் சாத்திவிட்ட கதவுகள் 40. திறந்து வைத்தவற்றைவிட அதிகம்.

தோஷம் என்கிறார்களே, அவர்களுடைய கச்சேரி எந்த ராகத்தில் தொடங்குகிறது? கணபதி வந்தனமாக நாட்டையில் தொடங்குவதைத்தான் சம்பிரதாயம் என்று கொண்டாடுகிறோம். நாட்டை, 36-ஆம் மேளமான சலநாட்டையைச் சேர்ந்தது. ஷட்சுருதி ரிஷபமே அதன் ஜீவன். தியாகராஜ ஸ்வாமிகளின் முதல் பஞ்சரத்தினம் அந்த நாட்டையிலேயே இருக்கிறது. நான்காவது பஞ்சரத்தினமோ வராளி. அது 39-ஆம் மேளமான ஜாலவராளியின் வழி வந்தது. சுத்த ரிஷபமும் சுத்த காந்தாரமும் தோளோடு தோள் உரசி நிற்கும் ராகம். குரு நேராகச் சிஷ்யனுக்கு வராளியைப் போதித்தால் இருவருக்கும் மனஸ்தாபம் நேரும் என்று ஒரு பயம் இன்னும் சில இடங்களில் நிலவுகிறது. அதே வராளியைப் புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் குருமாரும் சிஷ்யர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஆண்டுதோறும் ஒரே குரலாகப் பாடுகிறார்கள். தோஷம் ஸ்வரத்தில் இருந்தால் அந்தப் பந்தல் எப்போதோ கலைந்து போயிருக்க வேண்டும்.

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானத்தையும் நியாயமாக எடுத்துரைக்க வேண்டும். நாட்டையின் அவரோகணத்தில் தைவதமும் காந்தாரமும் வர்ஜ்யம், ஆதலால் விவாதி ஸ்வரங்கள் இறங்கும்போது அடுத்தடுத்து வருவதில்லை, வராளியில் வக்கிரப் பிரயோகத்தினால் உராய்வு மழுங்குகிறது, வேங்கடமகியின் பரம்பரையில் வந்த ராகாங்க ராகங்களும், 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீக்ஷிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யில் காணுமாறு, ஸ்வரங்களைத் தவிர்த்தும் வளைத்தும் இந்தச் சங்கடத்தைத் தாண்டியிருக்கின்றன, கோடீஸ்வரையரோ கனகாங்கி முதலாகச் சம்பூர்ண மேளங்களை அப்படியே எடுத்துக்கொண்டார், அது சாகசமேயன்றி சங்கீதமன்று என்பது அவர்கள் வாதம். இதில் முதற்பாதி உண்மை. ஆனால் அந்த உண்மை யாருக்கு அனுகூலமானது? பெரியோர்கள் விவாதி ஸ்வரத்தை விலக்கவில்லை, கையாளும் வழியைக் கண்டார்கள் என்பதுதானே அதனால் ஏற்படுவது? எங்கள் ஊருக்கு அருகே, ஆந்திர எல்லையைத் தாண்டியவுடன் இருக்கும் சுருட்டப்பள்ளியில், ஆலகாலத்தை உண்ட களைப்பில் அம்பிகையின் மடியில் தலை வைத்துச் சயனித்திருக்கும் பள்ளிகொண்டீஸ்வரரைத் தரிசிக்கப் பிரதோஷந்தோறும் ஜனங்கள் திரளுகிறார்கள். விஷத்தைக் கொட்டாமலும் விழுங்காமலும் கண்டத்தில் நிறுத்திய பெருமையையே அங்கே வணங்குகிறோம். விவாதி ஸ்வரத்தைக் கமகத்தினால் கட்டி, நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, நழுவ வேண்டிய இடத்தில் நழுவவிட்டுப் பாடுவதும் அத்தகைய வித்தையே. ஒரு முறையில் தீக்ஷிதர் அதைச் செய்தார். வேறொரு முறையில் கோடீஸ்வரையர் செய்தார். மகா வைத்தியநாதையர் தம்முடைய மேள ராகமாலிகையில் 72 மேளங்களையும் ஒரே மாலையாகத் தொடுத்தபோது விவாதி மேளங்களைக் கண்டு ஒதுங்கிப் போகவில்லை.

கோடீஸ்வரையர் வெறும் கணக்கர் அல்லர். ‘அழகர் குறவஞ்சி’யும் ‘ஸ்கந்த புராணக் கீர்த்தனை’யும் இயற்றிய கவிகுஞ்சர பாரதியாரின் பேரர், கவிகுஞ்சரதாசன் என்பதையே தம் முத்திரையாகக் கொண்டவர். பட்ணம் சுப்பிரமணிய ஐயரின் பரம்பரையில் நின்று, பூச்சி ஸ்ரீனிவாசையங்கார் முதலானோரிடம் சிட்சை பெற்றவர். தமிழில் பாட ஸாஹித்யம் போதாது என்று வித்வான்கள் கைவிரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றுவதற்கு முன்னரே, எவரும் வற்புறுத்தாமல் இந்தப் பெரும் பணியைத் தாமே மேற்கொண்டவர். ஒவ்வொரு மேளத்திலும் அதன் பெயரைப் பொருள் சிதையாமல் சாஹித்யத்துக்குள் பொதிந்து, ராகத்தின் வடிவம் பல்லவியிலேயே துலங்கும்படி அவர் செய்திருப்பதைப் பாடிப் பார்த்தவர்களே அறிவார்கள். ஒரு மேளத்தில் முன்னோர் கிருதிகள் பல இருந்தால் வழி காணுவது எளிது. முன்னே எவருடைய காலடியும் அநேகமாகப் படாத மேளங்களில், எந்த ஸ்வரத்தில் நியாசம், எங்கே தாட்டு, எந்தப் பிடி ராகத்தைக் காட்டும் என்பதையெல்லாம் ஒருவரே கண்டு தீர வேண்டியிருந்தது. இதைக் கணக்கு என்று தள்ளுவது நன்றி மறந்த பேச்சு. அந்தக் கீர்த்தனங்கள் 72-உம் ஒரே தரத்தன என்று நான் வாதிக்க வரவில்லை. சிலவற்றில் சொல் நெருக்கம் மிகுதி, சிலவற்றில் எதுகையின் பொருட்டு வளர்ந்த அடிகள் உண்டு. அந்தக் குறையை எந்தப் பெருந்தொகுதியிலும் காணலாம்.

விவாதி மேளங்களைப் பாடினால் ஆயுள் குறையும் என்றுகூடச் சொல்வதுண்டு. வானொலியிலும் வகுப்பிலும் விவாதி மேளங்களையும் கோடீஸ்வரையர் கீர்த்தனங்களையும் விடாப்பிடியாகப் பாடியும் போதித்தும் பரப்பியவர் எஸ். ராஜம். இன்று வீடுதோறும் பூஜையில் இருக்கும் சங்கீத மும்மூர்த்திகளின் திருவுருவத்தைத் தீட்டியவரும் அவரே. 1919-இல் பிறந்த அவர் 2010-இல்தான் காலமானார். இதற்கு மேல் அந்தப் பயத்துக்குப் பதில் வேண்டுமா?

ஷோன்பெர்க்கின் மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டும் இதே ஜாதியைச் சேர்ந்ததாதலால், அவருடைய சரித்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1874-இல் வியன்னாவில் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், பதினைந்தாம் வயதில் தந்தையை இழந்து, ஒரு வங்கியில் ஊழியம் பார்த்துக்கொண்டே பெரும்பாலும் தாமாகவே இசையைக் கற்றவர். முறையாகக் கிடைத்த ஆசான் என்று சொல்லத்தக்கவர் ஸெம்லின்ஸ்கி ஒருவரே. 1899-இல் அவர் எழுதிய ‘உருமாறிய இரவு’ என்னும் தந்தி வாத்திய இசையைக் கேட்டவர் எவரும் அவருக்கு உருக்கம் தெரியாது என்று சொல்ல மாட்டார். 1913 பிப்ரவரியில் அவருடைய ‘குர்ரே கீதங்கள்’ வியன்னாவில் அரங்கேறி ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். அடுத்த மாதம் 31-ஆம் தேதி, அதே நகரத்தில் அவர் நடத்திய கச்சேரியில் அவருடையதும் அவர் மாணாக்கர்களுடையதுமான புதிய இசையைக் கேட்ட சபையோர் கைகலப்பில் இறங்கி நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். ஐந்து வார இடைவெளியில் அவர் ஹிருதயத்தை இழந்துவிட்டாரா? பழகிய காது பழகாததைக் கேட்டு வெகுண்டது என்பதே உண்மை.

சங்கீதத்தைக் கொன்றவர் என்று பேசப்படும் இந்த மனிதர் ஆசிரியராக இருந்து எதைப் போதித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1911-இல் வெளிவந்த அவருடைய ‘ஹார்மனி இலக்கணம்’, பழைய சுருதி இசைவு முறையைப் படிப்படியாகக் கற்பிக்கும் பெருநூல். அப்போதுதான் மறைந்த இசைமேதை மாலரின் நினைவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அந்நூலைத் தம் மாணாக்கர்களிடமிருந்தே கற்றதாக அதன் முகப்பில் ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மையும் அவருக்கு இருந்தது. தம்மிடம் வந்தவர்களுக்கு அவர் பாக், மோத்ஸார்ட், பேத்தோவன், பிராம்ஸ் ஆகியோரின் இசையையே பிரித்துக் காட்டிப் பாடம் சொன்னார். தம் பன்னிரு ஸ்வர முறையைப் பாடத்திட்டமாக்கி எவர்மீதும் திணித்ததில்லை. அல்பன் பெர்க், அன்டன் வெபெர்ன் என்ற இரு மாணாக்கர்களும் குருவின் நகல்களாக ஆகாமல், ஒருவர் பெருக்கத்திலும் ஒருவர் சுருக்கத்திலும் தத்தம் குரலைக் கண்டடைந்தார்கள். 1918-இல் அவர் நிறுவிய தனிக் கச்சேரிச் சங்கத்தில் விமரிசகர்களுக்கு அநுமதியில்லை, கைதட்டலும் கூடாது, கடினமான உருப்படிகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். தொடக்க காலத்தில் தம் சொந்த இசைக்கு அதில் இடமே கொடாமல், ரெகர், டெபுஸ்ஸி போன்ற பிறர் இசையையே அவர் நடத்துவித்தார். சுயகீர்த்தியை நாடியவர் இப்படிச் செய்வாரா?

அவருடைய முறைதான் என்ன? 12 ஸ்வரஸ்தானங்களையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நிறுத்துவது. அந்த வரிசையை நேராகவும், கடைசியிலிருந்து தலைகீழாகவும், ஏற்றங்களை இறக்கங்களாக மாற்றியும், அப்படி மாற்றியதை மறுபடி பின்னிருந்தும் வாசிப்பது. இந்த நான்கு வடிவங்களை 12 ஸ்தானங்களிலிருந்தும் தொடங்கினால் 48. சம்பந்தரின் மாலைமாற்றை ஓதும் நாட்டில் இதைக் கேட்டுத் திடுக்கிடுவதற்கு என்ன இருக்கிறது? 1920-களின் தொடக்கத்தில் இந்த முறையை வகுத்த அவர், 1926 முதல் பெர்லின் அகாடமியில் போதித்து, நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-இல் யூதர் என்ற காரணத்தால் பதவியை இழந்து, பாரிஸில் தம் முன்னோர் மதத்துக்கே திரும்பி, அமெரிக்காவில் குடியேறி, லாஸ் ஏஞ்சலிஸ் சர்வகலாசாலையில் 1944 வரை மாணாக்கர்களுக்குப் பாடம் சொன்னார். போர் முடிந்தபின் 1947-இல் ‘வார்ஸாவிலிருந்து தப்பியவன்’ என்ற சிற்றிசையை இயற்றினார். ஏழு நிமிஷத்துக்கு மேற்படாதது; முழுவதும் பன்னிரு ஸ்வர வரிசையில் அமைந்தது. மரணத்துக்கு இழுத்துச் செல்லப்படும் யூதர்கள், எண்ணிக்கை எடுக்கப்படும் தருணத்தில், தங்கள் ஆதிப் பிரார்த்தனையை ஒரே குரலாகப் பாடத் தொடங்குவதை அது காட்டுகிறது. அடுத்த ஆண்டு அல்புகெர்க்கி நகரத்தில் முதன்முதலாக நிகழ்ந்தபோது, ஜனங்கள் ஸ்தம்பித்திருக்க, அதை முழுவதும் மறுபடி ஒருமுறை வாசிக்க வேண்டியதாயிற்று. கணக்கில் பிறந்த அந்த இசையைவிடக் கனத்த துக்கத்தைத் தாங்கிய இசை அந்த நூற்றாண்டில் அரிது என்றே நான் கருதுகிறேன்.

இவ்விருவரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஷோன்பெர்க் ஆதார ஸ்வரம் என்ற ஒன்றையே வேண்டாமென்று விட்டவர். கோடீஸ்வரையரோ ஆதார ஷட்ஜத்தை ஒரு கணமும் கைவிடாதவர். தம்பூராவின் நாதம் இல்லாவிடில் விவாதியின் உராய்வுக்கே அர்த்தமில்லை. அவர் அழைத்த தெய்வம் வேறு, இவர் அழைத்த தெய்வம் வேறு. ஆயினும், இருவர் மீதும் சாட்டப்படும் குற்றம் ஒன்றே. அதைச் சாட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இசையைப் போதிய அளவு கேளாதவர்களே. ஷோன்பெர்க்குக்காவது, கேட்கும் வரையில் மறுபடி மறுபடி வாசித்துக் காட்டச் சங்கம் கண்ட மாணாக்கர் கூட்டம் ஒன்று இருந்தது. கோடீஸ்வரையருக்கு ராஜத்தையும் அவரைப் பின்பற்றிய சிலரையும் தவிர யார் இருந்தார்கள்? ஒரு கிருதியை ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் அபூர்வ ராகம் என்ற விளம்பரத்தோடு பாடிவிட்டு, ஜனங்களுக்கு ரசிக்கவில்லை என்று முடிவு கட்டுவது எந்த நியாயத்திலும் சேராது. தோடியையும் கல்யாணியையும் பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்த காதுக்குத் தானரூபியையும் யாகப்பிரியாவையும் ஒருமுறை மட்டும் காட்டி, பிடிக்கிறதா என்று கேட்கிறோம்.

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலைகள் பெருகியபின் குடியேறிய குடும்பங்கள், மாலை வேளையில் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த நம்பிக்கை உண்டாகிறது. அந்தப் பிள்ளைகளின் காதில் இன்னும் எந்தப் பயமும் ஏறவில்லை. ஸரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மாயாமாளவகௌளையில் முடித்து, கீதமும் வர்ணமும் கடந்து, கிருதிக்கு வந்த மாணாக்கருக்கு விவாதி மேளக் கீர்த்தனம் ஒன்றைப் போதிப்பதில் எந்தக் கஷ்டமும் இல்லை. ஷட்சுருதி ரிஷபத்தையும் சுத்த நிஷாதத்தையும் சுருதி பிசகாமல் பிடிக்கப் பழகிய குரலுக்கு மற்ற ஸ்வரஸ்தானங்களும் துல்லியப்படும் என்பது வேறு லாபம். ஆசிரியர்களே, உங்களுக்குப் போதித்தவர் தோஷம் என்று சொன்னதனாலேயே அதை நம்ப வேண்டியதில்லை. நீங்களே பாடி, ஒரு மாதம் பழகி, அதன் பின்னும் பிடிக்காவிட்டால் தள்ளுங்கள். சபைகளை நடத்துகிறவர்களே, மேடையில் ஒருவர் விவாதி மேளம் பாடினால் அதே உருப்படியை அடுத்த ஆண்டிலும் பாடும்படி அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து திருத்தணி மலை ஏறும் அன்பர்களே, தணிகைவேலன் மீது தீக்ஷிதர் பாடிய விபக்திக் கிருதியைக் கேட்கும் அதே சந்நிதியில், கோடீஸ்வரையர் பாடிய கந்த கானமும் ஒன்று ஒலிக்கும்படி உங்கள் ஊர்ப் பஜனை கோஷ்டியை இந்த ஆண்டே பாடம் செய்யச் சொல்லுங்கள்.